பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர்!

2003 ஏப்ரல் மாதம். பாக்தாத் நகரம் அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்த நாட்கள். நகரின் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் துவைதா என்று ஓர் இடம். அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. பக்கத்திலிருந்த பெரிய அரசாங்க வளாகத்தின் காவலர்கள் ஓடிப்போயிருந்தார்கள். கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே வரிசை வரிசையாகப் பீப்பாய்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லாத மக்கள் அந்தப் பீப்பாய்களைப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ மஞ்சள் தூள் இருந்தது. அதைத் தரையில் கொட்டினார்கள். பீப்பாயை அலசி வீட்டுக்கு உருட்டி வந்தார்கள். குடிதண்ணீர் நிரப்பினார்கள். பால் ஊற்றி வைத்தார்கள். துணி துவைத்தார்கள்.

அந்த மஞ்சள் தூள் யுரேனியம்!

சில வாரங்கள் கழித்து அமெரிக்க ராணுவம் ஊருக்குள் வந்து பீப்பாய்களைத் திரும்ப வாங்கிக் கொண்டது. பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர் விலை கொடுத்தது. அணு ஆயுத ஆபத்து என்று சொல்லி ஒரு நாட்டின் மீதே படையெடுத்தவர்கள், அந்த நாட்டின் யுரேனியம் இருந்த கிடங்குக்குப் பூட்டுப் போடவில்லை. ஏழைகளின் வீட்டு வாசலில் நின்று காலிப் பீப்பாய்களை விலை பேசினார்கள். நடந்தது இதுதான்.

துவைதா எப்படிப்பட்ட இடம்?

இராக்கின் அணு ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் துவைதா. 1960களில் சோவியத் ரஷ்யா கொடுத்த சிறிய அணு உலை அங்கேதான் நிறுவப்பட்டது. பிறகு பிரான்ஸ் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு வந்த உலையை 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. ஐ.நா. பாதுகாப்பு அவை 487ஆம் தீர்மானத்தின் மூலம் அந்தத் தாக்குதலைக் கண்டித்தது. கண்டனத்தோடு சரி! 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவும் அதே வளாகத்தின் மீது குண்டு வீசியது.

சதாம் ஹுசைன் அணுகுண்டுக்கு முயன்றார் என்பது உண்மை. அதை மறைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கு இல்லை. தன் சொந்த மக்கள் மீதே விஷவாயு வீசிய ஆட்சியாளர் அவர். ஆனால் 1991க்குப் பிறகு அந்த முயற்சிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் இராக்குக்குள் சென்றார்கள். குண்டு செய்யத் தகுதியான உயர் செறிவு யுரேனியம் முழுவதையும் 1994 பிப்ரவரிக்குள் ரஷ்யாவுக்கு அனுப்பி வைத்தார்கள். மிச்சமிருந்தது சுமார் 500 டன் இயற்கை யுரேனியமும் 1.8 டன் குறைந்த செறிவு யுரேனியமும். அவற்றை அப்படியே எடுத்துக் குண்டு செய்துவிட முடியாது. அவற்றைத் துவைதா வளாகத்தை ஒட்டிய கிடங்கில் வைத்து முத்திரையிட்டார்கள். 1998 டிசம்பரில் ஆயுத ஆய்வாளர்கள் இராக்கை விட்டு வெளியேறினார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை முகமையின் ஆட்கள் வந்து, முத்திரை உடையாமல் இருக்கிறதா, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதாவது, கொடுங்கோலன் என்று உலகமே தூற்றிய ஒருவரின் ஆட்சியில்கூட அந்த முத்திரை நிலைத்து நின்றது. காரணம் எளிமையானது. கணக்கு இருந்தது. கணக்குக் கேட்க ஆள் இருந்தது.

2003 மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் முஹம்மது அல் பராதி, இராக் தன் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று பாதுகாப்பு அவையில் அறிக்கை வைத்தார். நைஜர் நாட்டிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்றும் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கியது. ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். முத்திரைக்குக் கேட்பாரில்லாமல் போயிற்று.

எண்ணெய்க்குக் காவல், யுரேனியத்துக்கு இல்லை

அமெரிக்கப் படை ஏப்ரல் தொடக்கத்திலேயே துவைதாவை அடைந்துவிட்டது. அதே மாதம் அணுசக்தி முகமை அந்த இடத்தைப் பாதுகாக்கும்படி அமெரிக்காவைக் கேட்டுக் கொண்டது. அங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற முழுக் கணக்கும் முகமையிடம் இருந்தது. கேட்டுத் தெரிந்து கொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனாலும் கொள்ளை நடந்தது. பாக்தாதில் எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் அமெரிக்க டாங்கிகள் காவல் நின்ற அதே நாட்களில், பல்லாயிரம் ஆண்டுச் செல்வங்கள் இருந்த தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. துவைதாவின் கதவும் திறந்து கிடந்தது. எதைக் காக்கிறான் என்பதை வைத்தே ஒருவன் எதற்காக வந்தான் என்பதைத் தெரிந்து கொள்ளலாம்.

ஜூன் மாதம் முகமையின் ஆய்வாளர்களைத் திரும்ப அனுமதித்தார்கள். அதிலும் நிபந்தனை! கிடங்கில் இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய் மக்களின் உடல்நிலையைப் பார்க்கக் கூடாது. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, பெரும்பகுதி இருக்கிறது, குறைந்தது 10 கிலோ யுரேனியச் சேர்மங்கள் சிதறிப் போயிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். அவ்வளவு யுரேனியத்தை வைத்துக் குண்டு செய்ய முடியாது என்பதால் உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் அந்த 10 கிலோவும் எங்கே போனது? வீட்டு முற்றத்துக்கு, வாய்க்காலுக்கு, குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு! யுரேனியத் தூள் உடலுக்குள் போனால் முதலில் சிறுநீரகத்தைத்தான் பாதிக்கும். யுரேனியம் மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கு வைத்திருந்த வேறு கதிரியக்கப் பொருட்களும் ஊருக்குள் போயிருந்தன. கிரீன்பீஸ் இயக்கத்தினர் கருவியோடு சென்று பார்த்தபோது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு அருகிலேயே அப்படிப்பட்ட பொருள் கிடந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலையில், மிச்சமிருந்த சுமார் 550 டன் மஞ்சள் தூளையும் விமானத்திலும் கப்பலிலும் ஏற்றிக் கனடாவுக்குக் கொண்டு போய், அங்குள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்று முடித்தார்கள். பொருள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. துவைதாவில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளின் கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தக் கதவுக்குள் புகுந்து பொருளைத் தூக்கி வந்தவர்கள் நம் சகோதரர்கள்தாம். பொதுச் சொத்தை எடுப்பது ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. பாத்திரம் இல்லாத வறுமை ஒரு காரணமே தவிர, அது அனுமதி ஆகாது. ஆனால் மறுமையில் பீப்பாயை உருட்டிப் போனவனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று. காவல் பொறுப்பைத் தானாக முன்வந்து பிடுங்கிக் கொண்டு, பிறகு கதவைத் திறந்து போட்டவனிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. ஒரு நாட்டை ஆக்கிரமித்த படைதான் அந்நாட்டின் பொது ஒழுங்குக்குப் பொறுப்பு என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளே சொல்கின்றன.

குண்டு வீசினால் கணக்கு அழியும்

துவைதாவிலிருந்து வல்லரசுகள் பாடம் படித்தனவா? 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் நதன்ஸ், ஃபோர்தோ, இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் மீது குண்டு வீசின. அதற்கு முன்புவரை ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ இருக்கிறது என்று அணுசக்தி முகமை கணக்கு வைத்திருந்தது. குண்டு விழுந்த பிறகு ஆய்வாளர்களால் அந்த 440 கிலோவை நேரில் பார்த்துச் சரிபார்க்க முடியாமல் போயிற்று. கணக்கில் இருந்த பொருளைக் கணக்கில்லாத பொருளாக்கியதுதான் அந்தக் குண்டுகளின் சாதனை! குண்டு வீசிய இஸ்ரேலோ, தன்னுடைய திமோனா அணு நிலையத்துக்குள் முகமையின் ஆய்வாளர்களை இதுவரை விட்டதில்லை.

ஆபத்தான பொருளைப் பாதுகாப்பது விமானமும் ஏவுகணையும் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு முத்திரை, மாதாமாதம் வந்து எண்ணிப் பார்க்கும் ஒரு நேர்மையான மனிதன். இவ்வளவுதான் தேவை. இந்த மூன்றும் இல்லாவிட்டால், பாக்தாதாக இருந்தாலும் சரி, டில்லியாக இருந்தாலும் சரி, முடிவு ஒன்றுதான்.

டில்லி என்று வாய் தவறிச் சொல்லவில்லை.

மாயாபுரியில் நடந்தது

2010 ஏப்ரல். மேற்கு டில்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது, வாந்தி வந்தது. மருத்துவர்கள் சந்தேகப்பட்டுச் சொன்ன பிறகு அதிகாரிகள் கருவியோடு வந்து பார்த்தார்கள். இரும்புக் குவியலுக்கு நடுவே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கிடந்தது. ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஏப்ரல் 26 அன்று அவர்களில் ஒருவர் இறந்தார். சர்வதேச அளவுகோலில் அந்த விபத்துக்கு 4ஆம் நிலை கொடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் வெளிநாட்டுக் கழிவு என்றார்கள், இறக்குமதி என்றார்கள். கடைசியில் பார்த்தால், பொருள் வந்தது டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலிருந்து! கனடாவிலிருந்து வாங்கிய ஆய்வுக் கருவி அது. 1985க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விட்டுவிட்டார்கள். வாங்கியவர்கள் வெளியே இருந்த காரீயக் கவசத்தை உடைத்தார்கள்.

கோபால்ட்-60 ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வீரியத்தில் பாதியை இழக்கும். சும்மா கிடந்த 25 ஆண்டுகளில் மட்டுமே அதன் வீரியம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடித்தது. படித்த பேராசிரியர்கள் இருந்த இடத்தில் அது என்னவென்று தெரியாமல் போயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அதன் விலை உயிராக இருந்தது. ஒழுங்குமுறை வாரியம் பல்கலைக்கழகத்தையே பொறுப்பாளி என்று சொல்லி, விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

நம் தெருவில் காயலான் கடை

சென்னையில் பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர்களை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. இன்றும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஓரத்திலும், ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையிலும் இந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில் நம்மவர்கள் கணிசமாக உண்டு.

மாயாபுரி சம்பவத்தை ஒருமுறை ஜும்ஆ பயானில் சொன்னேன். தொழுகை முடிந்ததும் தள்ளுவண்டியில் இரும்பு வாங்கும் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், அந்தச் சாமான் தொட்டா சூடா இருக்குமா? வாசனை ஏதாவது வருமா?"

"இல்லைங்க பாய். சூடு, வாசனை, நிறம் எதுவும் தெரியாது."

"கனமா இருந்தா உள்ளே காரீயம் இருக்கும், நல்ல விலை போகும்னு முதல்ல அதைத்தானே உடைப்போம். அப்ப எங்களுக்கு எப்படித்தான் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நம் பகுதியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் வார்ப்பட ஆலைகளும் வெல்டிங் பட்டறைகளும் இருக்கின்றன. இவற்றில் குற்றம் நடந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் கையடக்கக் கருவிகளில் இரிடியம்-192 இருக்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் பழைய இயந்திரங்களில் கோபால்ட் இருக்கும். 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து இப்படி ஓர் இயந்திரத்தின் பாகத்தைப் பழைய இரும்புக்காக எடுத்துப் போனார்கள். உள்ளே நீலமாக ஒளிர்ந்த தூளை அழகாக இருக்கிறதென்று வீடு வீடாகக் கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று, ஆறு வயதுப் பெண் குழந்தை.

துவைதாவின் பீப்பாய், கோயானியாவின் நீலத் தூள், மாயாபுரியின் காரீயப் பெட்டி. மூன்றிலும் பொருள் பெரிய இடத்தின் பொருள். கதவைத் திறந்து போட்டவர்கள் பெரிய மனிதர்கள். செத்தவனும் நோயாளி ஆனவனும் ஏழை!

சந்தேகம் ஒருபக்கம், கணக்கு மறுபக்கம்

2021 மே மாதம் மகாராஷ்டிராவில் சுமார் 7 கிலோ இயற்கை யுரேனியத்தோடு இருவர் கைதானார்கள். அடுத்த மாதம் ஜார்கண்டின் பொகாரோவில் ஏழு பேர் யுரேனியம் வைத்திருந்ததாகக் கைதானார்கள். தொலைக்காட்சிகள் வரிந்து கட்டிக் கொண்டு பயங்கரவாதம், சதி என்று முழங்கின. பொகாரோவில் பிடிபட்டது யுரேனியமே இல்லை, அதில் கதிரியக்கமும் இல்லை என்று அணுசக்தித் துறையின் பரிசோதனைக்குப் பிறகு அரசே சொன்னது. அந்தச் செய்திக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள்? மகாராஷ்டிராவில் பிடிபட்டது உண்மையான யுரேனியம்தான். குற்றம் செய்தவன் யாராக இருந்தாலும் தண்டிக்கட்டும். நாம் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யுரேனியம் யார் கையில் இருந்தது என்பதல்ல. எந்தக் கதவு வழியாக அது வெளியே வந்தது என்பதே.

பூந்தமல்லி என்றதும் நம் சமுதாயத்துக்கு நினைவு வருவது வெடிகுண்டு வழக்குகளுக்கான தனி நீதிமன்றம். அந்த வாசலில் எத்தனை தாய்மார்கள் ஆண்டுக் கணக்கில் காத்து நின்றார்கள் என்பது இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் சட்டைப் பையில் வயர் இருந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது, தனிப்படை இருக்கிறது, தனி நீதிமன்றம் இருக்கிறது. ஒரு நிறுவனம் உயிர் குடிக்கும் பொருளை ஏலத்தில் விட்டால் அதற்கு நோட்டீஸ் இருக்கிறது!

2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நாட்டிலுள்ள கதிர்வீச்சு மூலங்கள் அனைத்துக்குமான விரிவான பட்டியல் ஒழுங்குமுறை வாரியத்திடம் இல்லை என்றார். 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே பதிவு பெற்றவை என்றார். எக்ஸ்ரே கருவியை அணைத்தால் கதிர் நின்றுவிடும், அது வேறு விஷயம். ஆனால் எண்ணிக்கையே தெரியாதவன் எப்படிக் காவல் காப்பான்? அதன் பிறகு இணையவழிப் பதிவு முறை வந்திருக்கிறது, அதை வரவேற்கிறோம். இருந்தாலும் அந்தப் பதிவேடு டில்லியிலும் மும்பையிலும் இருந்தால் போதாது. ஆவடி காயலான் கடைக்காரருக்கு அதனால் என்ன பயன் என்பதே நம் கேள்வி.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: அம்பத்தூர், திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளிலும் பெரிய இரும்புச் சந்தைகளிலும் கதிர்வீச்சை அளக்கும் கருவியை அரசு வைக்க வேண்டும். இரும்பு உலைக்குப் போகும் முன் அந்தக் கருவியைக் கடந்து போகட்டும்.

இரண்டு: கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இருப்பைப் பற்றி ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியருக்கும் தீயணைப்புத் துறைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். பயன்பாடு முடிந்த பொருளை விற்றவரிடமோ அணுசக்தித் துறையிடமோ திருப்பிக் கொடுத்த ரசீதைக் காட்ட வேண்டும்.

மூன்று: எச்சரிக்கைச் சின்னங்களைத் தமிழ், உருது, இந்தி விளக்கத்தோடு ஒவ்வொரு காயலான் கடையிலும் மாட்ட வேண்டும். பழைய மூன்றிதழ்ச் சின்னம் சாமானியனுக்குப் புரியவில்லை என்றுதான் 2007இல் சர்வதேச அணுசக்தி முகமை, மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்புச் சின்னத்தைக் கொண்டு வந்தது. நம் கடைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

நான்கு: சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டு தகவல் கொடுக்கும் கடைக்காரரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது. முதல் நாள் காவல் நிலையத்தில் அடி விழுந்தால், மறுநாள் யாரும் தகவல் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பொருள் கால்வாயில்தான் விழும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இரும்புத் தொழில் செய்பவர்களை ஒருநாள் கூட்டி, இந்தச் செய்தியைச் சொல்லட்டும். அளவுக்கு மீறிய கனமுள்ள, காரீயம் போர்த்திய பெட்டியை உடைக்காதீர்கள். சின்னம் இருந்தால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஒரு கிலோ காரீயத்தின் லாபத்தை விட உங்கள் உயிர் உங்கள் குடும்பத்துக்குப் பெரிது. இதைச் சொல்ல விஞ்ஞானி வரத் தேவையில்லை. மிம்பரில் நிற்கும் ஆலிம்கள் சொன்னால் போதும்.

அமானிதத்தை அதற்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி திருமறையின் நான்காம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. நாம் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்து வைத்த நகையோடு நிறுத்தி விடுகிறோம். ஒரு தேசம் பூட்டி வைத்திருக்கும் யுரேனியமும் அமானிதம்தான். அதன் சாவியை வைத்திருப்பவன் ஜனாதிபதியாக இருந்தாலும், துணைவேந்தராக இருந்தாலும், ஆலை முதலாளியாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இம்மையில் மக்கள் மன்றத்தில். தப்பினால் மறுமையில் அல்லாஹ்வின் முன்னிலையில்.

துவைதாவின் தாய்மார்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆவடிப் பெரியவர் கேட்டுவிட்டார். அவருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.